அரை மணி ரெஸ்ட்

பீம்ராவ் எங்கே வேண்டுமானாலும் தூங்குவார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து, டயரில் முதுகைச் சாய்த்து, கன்டெய்னர் நிழலில் துண்டை விரித்து என்று எப்படியும் அவருக்குத் தூக்கம் வரும். வராத இடம் ஒன்றே ஒன்று, அவர் வீடு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஃபேனுக்கு நேர் கீழே பாய் போட்டுக் கொடுத்தாலும் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். “பின்னாடி எவன்னா ஹாரன் அடிச்சாத்தான் எங்க வூட்டுக்காரருக்குத் தூக்கமே வரும்” என்று மனைவி அன்புக்கரசி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் ஓட்டுவது டிரெய்லர். மணலிப் பக்கத்து யார்டில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச்சாலையில் இறங்கினால் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். ஊரே பூட்டிக் கிடந்த கொரோனா நாளில் ஒருமுறை, ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ ஆறுவதற்குள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அதை இன்றைக்கும் கல்யாண வீட்டில்கூடச் சொல்வார். மற்ற நாளெல்லாம் லைன்தான். எர்ணாவூரில் வால், காசிமேட்டில் தலை, நடுவில் காலையில் நுழைந்தவன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே வந்தால் அவன் செய்த புண்ணியம். இந்தச் சாலைக்கு விரைவுச்சாலை என்று பெயர் வைத்தவர் நல்ல தமாஷ்காரராக இருந்திருக்க வேண்டும்.

டூ வீலரில் போகிறவர்கள் இந்த வண்டிகளைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள், இவனுங்களாலதான் ரோடே நாசம் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்து போவார்கள். லைனில் நிற்கிறவன் எவனும் ஆசைப்பட்டு நிற்கவில்லை. பத்தடி நகரும், நிற்கும். மறுபடி எப்போது நகரும் என்று சொல்ல ஆளில்லை. நகரும்போது நீ கவனிக்காமல் விட்டால் அந்த இடைவெளியில் ஒருத்தன் மூக்கை நுழைப்பான். ஒருத்தன் நுழைந்தால் அவன் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். அப்புறம் கப்பலுக்கு நேரத்தில் பெட்டி போகவில்லை என்று கம்பெனியிலிருந்து போன் வரும். கன்டெய்னரை இங்கே எல்லோரும் பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

அதனால் லைனில் தூங்க முடியாது. தூங்காமலும் முடியாது. கிளீனர் வைத்து வண்டி ஓட்டிய காலம் மலையேறிவிட்டது, இப்போது ஒரு வண்டிக்கு ஒரே ஆள். இதற்கு டிரைவர்களே கண்டுபிடித்துக்கொண்ட வழிதான் ஜோடி. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிக்காரர்களில் ஒருவன் தூங்குவான், இன்னொருவன் இரண்டு வண்டியையும் நகர்த்துவான். முன்வண்டியை எடுத்து நிறுத்திவிட்டு, இறங்கி ஓடி வந்து பின்வண்டியை எடுக்க வேண்டும். வெயிலில் இது நாய் படாத பாடு. ஆனால் அடுத்த முறை அவன் ஓடுவான், நீ தூங்கலாம்.

பீம்ராவின் ஜோடி ராசையா. அதே கம்பெனி, எர்ணாவூர் குடியிருப்பில் வீடு, பீம்ராவைவிடப் பத்து வயதாவது சின்னவன். அவன் மனைவி சொக்கம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்தே கேரியரில் சோறு கட்டுவாள். யார் எந்த வண்டியில் இருந்தாலும் லைனுக்குள் நுழையும்போது முன்னும் பின்னுமாகத்தான் நுழைவார்கள். ஒருவன் யார்டில் தாமதித்தால் மற்றவன் எர்ணாவூர் ஓரத்தில் டயர் காற்றைப் பார்க்கிற பாவனையில் காத்திருப்பான்.

தூங்கப் போகிறவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொல்வான். “பாத்துக்க.” ஊரில் அந்த வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. அடுப்பில் பால் இருக்கு பாத்துக்க, பிள்ளையைப் பாத்துக்க, உடம்பைப் பாத்துக்க. லைனில் ஒரே அர்த்தம்தான். சாவி வண்டியிலேயே இருக்கிறது, நான் படுக்கிறேன், இனி இந்த வண்டி உன் பொறுப்பு. சொந்தத் தம்பியிடம் பைக் சாவியைக் கொடுக்க யோசிக்கிறவன்கூட ஜோடியிடம் டிரெய்லரைக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் போன பொங்கல் கழிந்து மிஷின் வந்தது.

ஒருவன் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பது பழைய சட்டம். அப்படி ஒன்று இருப்பதே கம்பெனிக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. சரக்கு கொடுக்கிற வெளிநாட்டுக்காரன் கேட்டதும் ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. யார்டு ஆபீஸில் வண்டிகளைக் கவனிக்கிற பெனிஷா எல்லா டிரைவர்களையும் நிழலில் உட்காரவைத்து ரூலை வாசித்தாள். ராயபுரத்துப் பெண், அப்பாவும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அதனால் டிரைவர்களிடம் எரிந்து விழத் தெரியாது.

பீம்ராவுக்கு அந்த ரூல் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களோடு ஓட்டிய பென்னி பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண் அசந்து பாலத்துச் சுவரில் மோதிப் போய்ச் சேர்ந்தவன். “நல்ல ரூலுதாம்மா இது. இத்த அப்பவே கொண்டாந்திருந்தா பென்னி இன்னிக்கு நம்ம கூட குந்திகினு இருப்பான்” என்று பீம்ராவ் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ராசையா மட்டும் அவர் காதில், “அரை மணி எங்க குந்த வெப்பாங்களாம், அத்த கேளு மாமு” என்றான்.

அவன் கேட்டதுதான் கேள்வி. கண்ணாடிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு மிஷின், அதில் ஒரு கேமரா. ஐந்து மணி நேரம் ஆனதும் ஒரு பெண் குரல், “ஓட்டுநர் அவர்களே, தாங்கள் ஓய்வெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது” என்று செந்தமிழில் சொல்லும். டிரைவர்கள் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சரம்மா சொன்ன பிறகு என்ஜினை அணைத்துவிட வேண்டும், அரை மணிக்கு வண்டி அசையக் கூடாது. ஒரு சாண் நகர்ந்தாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிவப்பு விழும். டிரைவர் சீட்டில் வேறு முகம் தெரிந்தாலும் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஒருவனைக் கம்பெனி நிறுத்திவிட்டால் டிரைவர்கள் அதை வேலை போய்விட்டது என்று சொல்வதில்லை. “அவனுக்கு ரெஸ்ட் குடுத்துட்டாங்க” என்பார்கள். இது மிஷினுக்கு முன்னாலிருந்தே உள்ள பேச்சு. ஆக, ரெஸ்ட் எடுக்காதவனுக்கு ரெஸ்ட். இதைச் சொல்லிச் சொல்லி முதல் மாதம் சிரித்தார்கள்.

யார்டிலோ நெடுஞ்சாலையிலோ ஐந்து மணி நேரம் ஆனால் ஒதுங்கி நின்றுவிடலாம். இவர்களுக்கு அது ஆவதெல்லாம் லைனுக்குள்தான். ஒரு பக்கம் நடுச்சுவர், மறுபக்கம் கடலுக்குப் போட்ட கருங்கல், ஒதுங்குவதற்குக் கால் வைக்க இடமில்லை. முன்னால் வண்டி நகர, நீ மட்டும் நடுரோட்டில் அரை மணி பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் இருப்பவன் ஹாரனில் உன் ஏழு தலைமுறையையும் திட்டுவான். பீம்ராவ் அதைத் தாங்க மாட்டாமல் ஒருமுறை கொஞ்சம் நகர்த்தினார், இன்னொருமுறையும் நகர்த்தினார். ராசையாவும் அப்படியே. ஆளுக்கு இரண்டு சிவப்பு ஆனபோது சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. “இனிமே ஒருத்தன் வண்டிய ஒருத்தன் தொடக்கூடாது மாமு” என்று ராசையாதான் முதலில் சொன்னான். பீம்ராவ் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவர்கள் லைனில் சரியாகத் தூங்கவில்லை. ஓய்வு என்று எழுதிவைத்த அரை மணியில் இரண்டு பேரும் முன்வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மிஷினின் கணக்கில் அது ஓய்வு.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கத்திரி வெயில். லைன் காலடிப்பேட்டைக்கு நேராக நின்றது. ராசையா முன்னால், பீம்ராவ் பின்னால். ராசையாவின் பெட்டி சாயங்காலத்துக்குள் கேட்டுக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். உச்சிவேளையில் அவனுக்கு டீச்சரம்மா குரல் கொடுத்துவிட்டாள். அவன் என்ஜினை அணைத்தான். முதல் நாள் முழுக்கத் தூக்கமில்லாதவன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் இருந்த பீம்ராவைப் பார்த்துக் கையை அசைத்து, “பாத்துக்க மாமு” என்றான். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில் போய்ப் படுத்துவிட்டான்.

என்ன அர்த்தத்தில் சொன்னான் என்பது பிற்பாடு அவனுக்கே தெரியவில்லை. எவனாவது டீசல் மூடியில் கை வைக்கப் போகிறான், கவனித்துக்கொள் என்றா, லைன் நகர்ந்தால் எழுப்பு என்றா, அல்லது வெறும் வாய்ப்பழக்கமா. தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் அகராதி பார்த்துப் பேசுவதில்லை.

கொஞ்ச நேரத்தில் முன்னால் என்ன நடந்ததோ, லைன் குபீரென்று நகர்ந்தது. வழக்கமான பத்தடி இல்லை, நாலைந்து டிரெய்லர் நிற்கிற அளவுக்கு ரோடு திறந்துகொண்டது. பின்னால் ஹாரன் கிளம்பியது. நடுச்சுவர் இடைவெளி வழியாக ஒரு லாரி மூக்கை நீட்டியது. பீம்ராவ் யோசித்திருந்தால் ஓடிப்போய் ராசையாவின் கதவைத் தட்டியிருப்பார். அவர் யோசிக்கவில்லை. பாத்துக்க என்ற சொல் காதில் விழுந்திருந்தது, ரோடு திறந்திருந்தது, கால் தானாக இறங்கி ஓடியது. ராசையாவின் வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, அந்த லாரிக்காரனை ஒரு முறை முறைத்துவிட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுத்தமாகச் செய்த வேலை, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“பதிவு பெறாத ஓட்டுநர். வாகனத்தை உடனடியாக நிறுத்தவும்” என்றது மிஷின்.

அந்தக் குரலுக்குத்தான் ராசையா விழித்தான். தன் சீட்டில் பீம்ராவின் முதுகைப் பார்த்து ஒரு கணம் ஒன்றும் புரியாமல் கிடந்தான்.

“மாமு, நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?”

“நீதானடா பாத்துக்கன்ன?”

ராசையா மிஷினைப் பார்த்தான். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஆமா. சொன்னேன்” என்றான். “சரி, எறங்கி உன் வண்டிய எடு, பின்னாடி கத்துறான். ஆபீஸ்ல கேட்டா நீ கம்முனு கெட. நான் பேசிக்கிறேன்.”

சாயங்காலத்துக்குள் பெட்டி உள்ளே போய்விட்டது. கப்பலுக்கோ கம்பெனிக்கோ அன்று ஒரு நஷ்டமும் இல்லை.

மறுநாள் ராசையாவுக்கு வண்டி தரவில்லை, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பீம்ராவ் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு யார்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். ராசையா கம்முனு கெட என்று சொன்னதை அவர் கேட்கப் போவதில்லை. தூங்குகிறவன் வண்டியை எடுத்தது அவர், அந்தப் பழி அவருடையது. வாசலில் அன்புக்கரசி, “உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வா, அப்பால பாத்துக்கலாம்” என்றாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனார். நான்தான் கேக்காம எடுத்தேன், அவன் மேல தப்பு இல்ல.

பெனிஷா நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காருங்கண்ணா. ராசையா அண்ணா காலையிலயே போன் பண்ணிட்டாரு. அவருதான் உங்கள எடுக்கச் சொன்னாராம்.”

“அவன் தூங்கிகினு இருந்தாம்மா.”

“தூங்குறதுக்கு முன்னாடி சொல்லலையா?”

“பாத்துக்கன்னான்.”

“பாத்துக்கன்னா? வண்டிய எடுன்னு அர்த்தமா?”

இத்தனை வருஷத்தில் ஒருவரும் பீம்ராவிடம் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. ஆமாம் என்றால் ராசையா வண்டியைக் கொடுத்ததாக ஆகும். இல்லை என்றால் இவர் திருட்டுத்தனமாக எடுத்ததாக ஆகும். இரண்டுமே பொய் இல்லை, இரண்டுமே நடந்ததும் இல்லை.

பெனிஷா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் அவர் முகம் இருந்தது, கண்ணைச் சுருக்கி யாரையோ முறைத்துக்கொண்டு. “இதுல ரெண்டே காரணம்தாண்ணா இருக்கு. வண்டிக்காரர் வேற ஆளுகிட்ட குடுத்தாருன்னு ஒண்ணு. வேற ஆளு கேக்காம எடுத்தாருன்னு ஒண்ணு. முதல்ல இருக்கறதப் போட்டா சிவப்பு ராசையா அண்ணாவுக்கு. அடுத்ததப் போட்டா உங்களுக்கு. யாருக்குப் போட்டாலும் அவங்களுக்கு அது மூணாவது.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ரெண்டையும் போடாம விட எனக்கு வழியில்ல. ராசையா அண்ணா சொன்னது ஒண்ணு. நீங்க வேற மாதிரி சொன்னா அதத்தான் போடுவேன். சொல்லுங்க.”

வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வேறு விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேறு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வாசலிலேயே வயதைக் கேட்பார்கள். போன தடவை கண் டெஸ்டில் டாக்டர் இரண்டு முறை எழுத்தைப் படிக்கச் சொன்னார். ராசையா சின்னவன், எங்கே போனாலும் வண்டி கிடைக்கும். அவனே தன் வாயால் சொல்லியும்விட்டான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இவ்வளவு நியாயம் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்ததிலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அண்ணா?” என்றாள் பெனிஷா.

பீம்ராவ் மேஜை ஃபேனைப் பார்த்தார். அது இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெனிஷா இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினாள்.

“சரிண்ணா, நீங்க கிளம்புங்க. திங்கக்கிழமை வண்டிக்கு வந்துடுங்க.”

அதற்குப் பிறகும் சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கும்போது சொல்லியிருக்கலாம், கதவருகில் நின்று சொல்லியிருக்கலாம். பெனிஷா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அன்புக்கரசி என்ன சொன்னாய் என்று கேட்பாள். ஷேர் ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்குப் போனார். போய் ராசையாவிடமே சொல்லிவிடுவது, வாய் வரவில்லைடா, என்னை நாலு வார்த்தை திட்டு என்று கேட்டுவிடுவது என்று தீர்மானம்.

சொக்கம்மாள் கதவைத் திறந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் ஒன்றும் காட்டவில்லை. “வாண்ணா, கை கழுவு. இப்பத்தான் ஒல வடிச்சேன்” என்றாள். ராசையா லுங்கியோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆபீஸிலிருந்து அவனுக்குப் போன் வந்துவிட்டது. மீன் குழம்பு வாசம் அறை முழுக்க இருந்தது. பீம்ராவுக்கும் தட்டு வந்தது.

“தண்ணி லாரிக்குச் சொல்லி வெச்சிக்கீறேன் மாமு. லைனும் கெடயாது, டீச்சரம்மாவும் கெடயாது” என்றான் ராசையா. சிரிக்கப் பார்த்தான், அது சரியாக வரவில்லை. கொஞ்ச நேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான். “நீ ஆபீஸுக்குப் போனியாமே. இன்னா சொன்ன?”

இதற்காகத்தான் வந்தது. பீம்ராவ் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“ஒண்ணும் சொல்லலடா.”

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். இப்போது புரிந்துவிடும், இப்போது திட்டுவான் என்று காத்திருந்தார். ராசையா பெரிதாக மூச்சு விட்டான்.

“அப்பாடா. நீ பாட்டுக்குப் போயி, நான்தான் எடுத்தேன்னு ஒளறிடுவியோன்னு காலையிலேர்ந்து ஒரே பேஜாரு எனக்கு.” சொக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தான். “பாத்தியா சொக்கு? நான் சொன்ன ஒரே பேச்சுக்காக மாமு அங்க போயியும் வாயே தொறக்கல.”

சொக்கம்மாள் குனிந்து பீம்ராவின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.